கூரைமேல் படுக்கை, தரையில் வழக்கு

காரின் கூரைமேல் பொருத்திக்கொண்டு போய், ஊர் சேர்ந்ததும் விரித்து, ஏணி வைத்து ஏறிப் படுக்கிற கூடாரத்துக்கு இன்று உலகெங்கும் ஒரே மாதிரியான பிறப்புக் கதை சொல்லப்படுகிறது. ஆப்பிரிக்கப் புல்வெளி, சிங்கம், கழுதைப்புலி, தரையில் ஊரும் பாம்பு, தேள். இவற்றுக்கு அஞ்சியவர்கள் கண்டுபிடித்த வழி அது என்பார்கள். விளம்பரப் படங்களிலும் பெரும்பாலும் செம்மண் பாதையும் முள்மரமும்தான். தமிழ் வாசகருக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபட்டுவிடும். யானையும் பன்றியும் இறங்கும் புனத்தில் பரண் கட்டி இரவைக் கழிப்பது சங்கக் குறிஞ்சிப் பாடல்கள் தொட்டு மலையடிவாரச் சோளக்கொல்லை வரை இங்கே அறுபடாத வழக்கம். உயரத்தில் படுப்பவன் விலங்குக்குப் பயந்துதான் படுக்கிறான் என்று நமக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் கூரைக் கூடாரத்தின் வரலாற்றை ஆண்டு வாரியாக அடுக்கினால் இந்தக் கதை தள்ளாடுகிறது. அது முறையான தயாரிப்பாகி விற்பனையில் வேர்விட்டது சிங்கம் உலவாத இத்தாலியில். பிறகு அது ஒரு காலத்தின் அடையாளமாகவே ஆனது கிழக்கு ஜெர்மனியில். இரண்டு இடத்து மக்களும் எந்த மிருகத்துக்கும் பயந்து கூரை ஏறவில்லை. அவர்களுக்குக் கார் கைக்கு வந்துவிட்டது. இரவில் தலை சாய்க்க இடம் வரவில்லை. காரை ஓரங்கட்டி நிறுத்த யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, முளையடித்துக் கூடாரம் போடுவதென்றால் நிலத்துக்காரரையோ அதிகாரியையோ கேட்டாக வேண்டும். நிறுத்தும் உரிமைக்கும் படுக்கும் உரிமைக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளியில்தான் கூரைக் கூடாரம் பிறந்தது என்பது என் வாதம்.

காரில் போய்க் கூடாரத்தில் தங்கும் பழக்கத்தைப் பெருவழக்காக்கியது அமெரிக்கா. 1908ல் வந்த ஃபோர்டின் மாடல் டி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. கடைக்காரரும் பண்ணைக்காரரும் குடும்பத்தோடு கிளம்பினார்கள். 1919ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்தில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற பெயரில் இவர்களுக்கென்று ஒரு சங்கமே உருவானது. ஹென்றி ஃபோர்டும் தாமஸ் எடிசனும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும்கூடக் கோடைதோறும் கூடாரப் பயணம் போனார்கள். சமையற்காரரும் பணியாட்களும் உடன் போனதால் அதை எளிய வாழ்க்கை என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இத்தனை ஆர்வம் பொங்கிய அந்தக் காலத்தில் கூடாரம் காரின் பக்கவாட்டில்தான் இருந்தது. துணியின் ஒரு விளிம்பைக் காரின் மேல் ஓரத்தில் மாட்டி, மறு விளிம்பைத் தரையில் முளையடித்து இழுத்துக் கட்டினார்கள். மேலே ஏறாததற்கு ஒரு காரணம் காரிலேயே இருந்தது. திறந்த கார்களுக்கு மடக்குத் துணிதான் கூரை. மூடிய கார்களிலும் மரச்சட்டத்தின்மேல் துணியை இழுத்து ஒட்டி, நீர் புகாதபடி பூச்சு அடித்திருப்பார்கள். கூரை முழுவதையும் மூடும் அகலத்தில் எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி எடுப்பது அன்று எளிதாக இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1935ஆம் ஆண்டு மாடல்களில் ‘டரட் டாப்’ என்று பெயரிட்டு ஒரே தகட்டில் செய்த எஃகுக் கூரையைக் கொண்டுவந்த பிறகே கூரைமேல் எதையும் ஏற்றலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கிடைத்தது.

எஃகுக் கூரை வந்தும் அமெரிக்கர் அதன்மேல் ஏறிப் படுக்கவில்லை என்பது இன்னும் முக்கியமானது. அவர்களுக்கு அந்தத் தேவை எழவில்லை. தரை தாராளமாக இருந்தது. தொடக்கத்தில் தோப்பிலும் பள்ளிக்கூடத்துத் திடலிலும் சாலையோர வயலிலும் கூடாரம் போட்டார்கள். வேலியை உடைக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள் என்று பண்ணைக்காரர்கள் முணுமுணுத்தபோது நகராட்சிகளே இலவச முகாம்களைத் திறந்தன. வழிப்போக்கர் நம் ஊரில் தங்கினால் நம் ஊரில் பெட்ரோல் போடுவார், ரொட்டி வாங்குவார் என்ற வியாபாரக் கணக்கு. டென்வரின் ஓவர்லாண்ட் பூங்காவில் நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே சமயத்தில் நின்றன. ஆனால் இந்தத் தாராளம் நீடிக்கவில்லை. கார் விலை இறங்க இறங்க, விடுமுறைக்கு வந்தவரோடு வேலை தேடி அலைபவரும் வந்து சேர்ந்தார். வந்தவர் வாரக்கணக்கில் தங்கினார். 1920களின் நடுவில் முகாம்கள் கட்டணம் வாங்கத் தொடங்கின, தங்கும் நாட்களுக்கு வரம்பு வைத்தன. வரலாற்றாசிரியர் வாரன் பெலாஸ்கோ இந்தக் காலத்தைப் பற்றி 1979ல் எழுதிய நூல், கட்டணத்தின் நோக்கம் வருமானத்தைவிட ஆட்களைச் சலிப்பதே என்று காட்டுகிறது. பணம் கொடுக்கக்கூடியவர் சுற்றுலாப் பயணி, கொடுக்க முடியாதவர் நாடோடி. முகாமில் சிறு சிறு அறைகள் எழுந்தன. 1925ல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் மோட்டல் என்ற பெயரோடு முதல் விடுதி திறந்தது. கூடாரத்தில் தொடங்கிய பயணி கட்டிலுக்குப் போய்விட்டார். அமெரிக்கக் கிளைக்கதை நம் பொருளுக்கு அங்கே நின்றுபோகிறது. அது எழுப்பிய கேள்விக்கு, யார் எந்தத் தரையில் இரவில் படுக்கலாம் என்பதற்கு, பின்னால் திரும்ப வேண்டியிருக்கும்.

இனி இத்தாலி. 1955ல் ஃபியட் நிறுவனம் ‘600’ என்ற சிறு காரை 5,90,000 லிராவுக்கு விற்பனைக்கு விட்டது; ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம். 1957ல் அதைவிடச் சிறிய ‘500’ வந்தது. மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை ‘சூரியச் சாலை’ எனப்பட்ட அதிவேக நெடுஞ்சாலையின் வேலை 1956ல் தொடங்கி 1964ல் முடிந்தது. வடக்கின் ஆலைகள் ஆகஸ்டில் மொத்தமாகக் கதவடைக்கும். ஊரே ஒரே வாரத்தில் கடலை நோக்கிக் கிளம்பும். இந்தச் சூழலுக்குள், 1958ல், ‘ஏர் கேம்பிங்’ என்ற கூரைக் கூடாரம் வட இத்தாலியில் தயாராகத் தொடங்கியது. ஆட்டோஹோம் என்ற பெயரில் அந்தத் தயாரிப்பு இன்றும் தொடர்கிறது. ஃபியட் 600ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த ஆண்டும் அந்த நாடும் ஏன் பொருந்தின என்று புரியும். நீளம் மூன்றேகால் மீட்டருக்கும் குறைவு. இன்ஜின் பின்னால். முன்னால் டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் பெட்ரோல் டேங்கும் ஸ்டெப்னியும் பேட்டரியும் அடைத்துக்கொண்டிருக்கும். நான்கு பேர் ஏறினால் பெட்டி வைக்க இடமில்லை. அதனால் கூரைமேல் கேரியர் மாட்டுவது அங்கே சாதாரணம். கூரையின் இரு ஓரத்திலும் மழைநீர் வடிந்தோட விட்ட உலோக வரம்பு உண்டு. கேரியரின் கவ்விகள் அந்த வரம்பைத்தான் பற்றும். தட்டையான கூரைத் தகட்டின்மேல் பாரம் இறங்காமல், கதவுச் சட்டத்தின் வழியே உடலுக்குப் போய்விடும். பெட்டி ஏறிய இடத்தில் படுக்கை ஏறுவதற்கு ஒரு படிதான் பாக்கி.

அந்தப் படியில் இருந்த சிக்கல் அளவு சம்பந்தப்பட்டது. அத்தனை சிறிய கூரையின் நீளத்துக்குள் வளர்ந்த ஆள் காலை நீட்ட முடியாது. தளத்தை இரண்டு பாதியாகச் செய்து கீல் வைத்தார்கள். ஒரு பாதி கேரியர்மேல் நிலையாக இருக்கும். மற்றப் பாதி அதன்மேல் மடிந்து கிடக்கும், நடுவில் மெத்தையும் துணியும். நிறுத்தியதும் ஏணியை நீட்டி, அதையே நெம்புகோலாகப் பிடித்து இழுத்தால் மேல் பாதி புரண்டு காருக்கு வெளியே நீளும். உள்ளே வளைந்த கம்பிகளில் கோத்திருக்கும் துணி தானாக எழுந்து நிற்கும். வெளியே தொங்கும் பாதிக்கு அதே ஏணிதான் கால். ஏறும் வழி, திறக்கும் கருவி, தாங்கும் தூண் மூன்றும் ஒரே பொருள். இத்தனை கச்சிதமான சிக்கனத்தை நான் வேறு எந்தக் கூடாரத்திலும் காணவில்லை. முளை இல்லை, கயிறு இல்லை, தரையில் ஓர் ஓட்டை இல்லை. 1964ல் அதே தயாரிப்பாளர்கள் ‘மஜ்ஜோலினா’வைக் கொண்டுவந்தார்கள். மேலும் கீழும் கண்ணாடியிழை ஓடு, நடுவில் துணிச் சுவர். கைப்பிடியைச் சுழற்றினால் மேல் ஓடு நேராக உயரும். இதில் காரின் எல்லைக்கு வெளியே எதுவும் நீளாது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கலாம். இத்தாலியில் கூடாரத் திடல்களே இல்லையா, கட்டணம் கொடுத்துத் தரையில் போட்டிருக்கலாமே, இடத்தட்டுப்பாடு என்று எதை வைத்துச் சொல்வது? திடல்கள் இருந்தன. ஆனால் கடற்கரையின் நிலைமையை நினைக்க வேண்டும். இத்தாலியக் கடலோரம் சட்டப்படி அரசின் சொத்து; நடைமுறையில் பெரும்பகுதி குளியல் நிலையங்களுக்கு உரிமமாக விடப்பட்டு, குடையும் சாய்வு நாற்காலியும் வரிசை கட்டி வாடகைக்குக் கிடக்கும். ஆகஸ்டு மாதத்தில் அங்கே காலி மண் என்று ஒன்று இல்லை. அடுத்து, காரை இழுவையாக்கிப் பின்னால் வண்டிவீட்டைக் கட்டலாம் என்றால், இருபத்திச் சொச்சம் குதிரைத்திறன் கொண்ட கார் அபெனைன் மலையேற்றத்தில் அதை இழுக்கத் திணறும். காருக்குள்ளேயே படுக்கலாமே என்ற யோசனை ஃபியட்டுக்கே தோன்றியிருக்கிறது. 1956ல் வந்த ‘600 முல்டிப்லா’வின் ஒரு வகையில் இருக்கைகளை மடக்கினால் படுக்கையாகும். கார் ஓடுவதற்கு மட்டும் இல்லை, இரவு தங்கவும்தான் என்ற எண்ணம் கூரைக் கூடாரத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே அந்த நாட்டுச் சந்தையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. முல்டிப்லா வாங்க முடியாத, சாதாரண 600 வைத்திருந்த குடும்பத்துக்குக் காலியாக மிஞ்சியிருந்த ஒரே இடம் கூரை.

கிழக்கு ஜெர்மனியில் இதே கதை இன்னும் இறுக்கமாகத் திரும்புகிறது. பால்டிக் கடலோர விடுதிகளில் பெரும்பகுதியை அரசு 1953ல் ‘ரோஸ் நடவடிக்கை’ என்ற பெயரில் தனியாரிடமிருந்து பறிமுதல் செய்தது. அவை பின்னர் தொழிற்சங்கத்தின் ஓய்வு இல்லங்களாயின. அங்கே கட்டில் கிடைப்பது ஒதுக்கீட்டில் வரும் யோகம். கிடைக்காதவர் கூடாரம் தூக்கினார். அதற்கும் கடலோரத் திடல்களில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். காரோ, 1964 முதல் வந்த டிராபன்ட் 601. இருபத்தாறு குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், மூன்றரை மீட்டர் நீளம், பதிவு செய்துவிட்டுப் பத்து ஆண்டுக்கும் மேல் காத்திருப்பு. வெளிப்புறப் பலகைகள் பஞ்சாலைக் கழிவும் பிசினும் சேர்த்து அழுத்திய டியூரோபிளாஸ்ட், கூரையும் அப்படியே. அதன்மேல் கூடாரமா என்று சிரிக்கத் தோன்றும். அடியில் இருக்கும் எலும்புக்கூடு எஃகு என்பதையும், பாரம் ஓரத்துச் சட்டத்தில் இறங்குகிறது என்பதையும் கவனித்தால் சிரிப்பு அடங்கிவிடும். சாக்ஸனியில் பின்னலாடைக்குப் பேர்போன லிம்பாக் ஓபர்ஃப்ரோனா என்ற ஊரில் கெர்ஹார்ட் ம்யூலர் டிராபன்ட்டுக்கென்று ஒரு கூரைக் கூடாரத்தைச் செய்து விற்றார். கார் பிறந்த ஸ்விக்காவும் அதே சாக்ஸனிதான். துணித் தொழிலும் கார்த் தொழிலும் ஒரே வட்டாரத்தில் அக்கம்பக்கமாக இருந்தன.

பொருள் தட்டுப்பாட்டில் வாழ்ந்த சமூகம் எதையும் ஒட்டுப்போட்டுச் செய்யும், கூரைக் கூடாரமும் அந்த வகையறாதான், இதில் நிலத்துக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்கலாம். தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் அங்கே கூடாரத் துணிக்குப் பஞ்சம் இல்லை. ஓல்பர்ன்ஹாவ் ஆலையில் தயாரான மடக்குக் கூடார இழுவை வண்டி ‘கிளாப்ஃபிக்ஸ்’ தெருவெங்கும் ஓடியது. இருந்தும் கூரைமேல் ஏறத் துணிந்தவர்கள் இருந்தார்கள் என்றால், அவர்களுக்கு அது கொடுத்தது வேறொன்று: போகிற வழியில் எங்கே இரவானாலும் முகவரி தேடாத படுக்கை. கோடையில் அவர்கள் போகக்கூடிய தூர தேசம் ஹங்கேரி. பலட்டான் ஏரிக்கரையில் கிழக்கு ஜெர்மானியரும் மேற்கு ஜெர்மானியரும் ஒரே நீரில் குளித்தார்கள். ஆனால் கிழக்கிலிருந்து வந்தவர் மாற்றிக்கொள்ள அனுமதித்த ஃபோரின்ட் பணம் அளந்து கொடுத்தது. விடுதிக்குக் கொடுத்தால் சாப்பாட்டுக்கு மிஞ்சாது. உணவைக்கூட வீட்டிலிருந்து டப்பாவில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த நிலையில் கூரைமேல் இருக்கும் மெத்தை ஒவ்வோர் இரவும் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தியது. 1989 கோடையில் அந்த முகாம்களிலிருந்து பல ஆயிரம் பேர் வீடு திரும்ப மறுத்தார்கள். ஆகஸ்ட் 19 அன்று ஷோப்ரோன் அருகே எல்லைக் கதவு சில மணி நேரம் திறந்தது. செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி எல்லையையே திறந்துவிட்டது. அந்த ஓட்டத்தில் கூரைக் கூடாரத்துக்குப் பங்கு உண்டு என்று பெரிதாக்கிச் சொல்வது அபத்தம். பலர் காரையே வழியில் விட்டுவிட்டு நடந்து போனார்கள்.

ஆப்பிரிக்கா பக்கம் வரலாம். தெற்கு ஆப்பிரிக்காவில் ஈஸி ஆன் போன்ற தயாரிப்பாளர்கள் 1980களில் இறங்கினார்கள். இத்தாலியில் கூடாரம் விற்பனைக்கு வந்து இருபது ஆண்டுக்கும் மேல் ஆன பிறகு. பிந்தி வந்தாலும் விலங்கு பயம்தானே அங்கே அதைப் பரப்பியது என்பார்கள். பாதி உண்மை. கழுதைப்புலி மோப்பம் பிடிக்கும் இடத்தில் இரண்டு மீட்டர் உயரம் மனதுக்குத் தெம்பு தரும், மறுக்கவில்லை. சிறுத்தைக்கு ஏணி தேவையில்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. க்ரூகர் தேசியப் பூங்காவின் தங்குமுகாம்களுக்கு மின்வேலி உண்டு. போட்ஸ்வானாவின் மொரெமி, சோபே வனங்களில் வேலியே இல்லாத முகாம்கள் உண்டு, யானை கூடாரத்தின் கயிற்றைத் தாண்டிப் போகும். அங்கே வாடிக்கையாளரைக் கூட்டிப்போகிற சஃபாரி நடத்துநர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது தரையில் நிற்கும் கேன்வாஸ் கூடாரங்களைத்தான். ஜிப்பை இறுக்க மூடியிருந்தால் போதும் என்பது அவர்களது நடைமுறைப் பாடம். விலங்குதான் காரணம் என்றால் முதலில் கூரை ஏறியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். ஏறியவர்கள் யார் என்று பார்த்தால், விண்ட்ஹோக்கிலோ ஜோஹனஸ்பர்க்கிலோ விமானம் இறங்கி, டொயோட்டா ஹைலக்ஸ் வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிப் போகும் ஐரோப்பியர். விமானத்தில் அனுமதிக்கும் சுமைக்குள் கூடாரமும் மெத்தையும் அடங்காது. வாடகை நிறுவனத்துக்கோ படுக்கையைக் கேரியரோடு போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் தொலையாது, கிழியாது, எண்ணிக் கொடுக்கவும் வேண்டாம். நமீபியாவின் சரளைத் தரையில் முளை இறங்காது என்பதும் சேர்ந்துகொண்டது. ஆப்பிரிக்கா கூரைக் கூடாரத்துக்குக் கொடுத்தது பிறப்பை இல்லை, முகத்தை. விளம்பரத்துக்கு ஓர் இத்தாலிய ஊரின் கார் நிறுத்துமிடத்தைவிடச் சிங்கம் நல்ல பின்னணி. விற்பவரைக் குறை சொல்ல முடியாது.

நிறுத்துவதற்கும் படுப்பதற்கும் உள்ள இடைவெளி என்று சொன்னேன். அது வெறும் என் ஊகமாக நிற்காமல் சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இத்தாலியின் 1992ஆம் ஆண்டுச் சாலைச் சட்டம், பிரிவு 185, வீட்டுவண்டியை நிறுத்துவது எப்போது ‘முகாமிடுதல்’ ஆகாது என்று வரையறுக்கிறது. வண்டி சக்கரத்தைத் தவிர வேறு எதனாலும் தரையைத் தொடக் கூடாது, கழிவுநீர் வடிக்கக் கூடாது, தன் அளவுக்கு மேல் சாலையை அடைக்கக் கூடாது. கூரைக் கூடாரம் ஏற்றிய சாதாரணக் கார் இந்தப் பிரிவின் கீழ் வராது. ஆனாலும் அந்த அளவுகோலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரசியம். ஏர் கேம்பிங்கின் பாதித் தளம் வெளியே நீள்கிறது, ஏணி தரையில் ஊன்றுகிறது, இரண்டிலும் தோற்கும். மஜ்ஜோலினா எல்லைக்குள் அடங்கும், ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் தரையையும் தொடாது. ஜெர்மனியில் ஓட்டுநர் களைப்புத் தீர ஓரிரவு வண்டிக்குள் உறங்குவது சகித்துக்கொள்ளப்படுகிறது. நாற்காலி விரித்தாலோ பந்தல் இழுத்தாலோ அது முகாம் ஆகிவிடும். விரித்த கூரைக் கூடாரமும் அந்தப் பக்கம்தான் தள்ளப்படும். வடக்கே போனால் கணக்கு தலைகீழ். சுவீடனின் பொது உரிமை மரபும் ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சட்டமும் நடந்து வருகிறவன் பிறர் நிலத்தில் சிறு கூடாரம் போட்டு ஓரிரவு தங்க இடம் கொடுக்கின்றன. மோட்டார் வண்டியோடு வந்தால் அந்த உரிமை இல்லை. தரையில் இருக்கும் வரை அது கூடாரம், கூரைமேல் ஏறிய கணம் வண்டியின் உறுப்பு. தெற்கே கூடாரம் என்பதால் தடை, வடக்கே வண்டி என்பதால் தடை. எந்த இடைவெளியில் பிறந்ததோ அந்த இடைவெளியே அதைத் துரத்துகிறது.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான சான்று இன்றைய அமெரிக்கா. அந்நாட்டு நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் மத்திய அரசின் கையில் இருக்கிறது. தேசிய வனங்களிலும் நில மேலாண்மைத் துறையின் வறண்ட வெளிகளிலும் பல இடங்களில் பதினான்கு நாள் வரை இலவசமாகக் கூடாரம் போடலாம். தரை அத்தனை இருந்தும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கூரைக் கூடாரம் அங்கே சக்கைப்போடு போடுகிறது. 2010ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டெபூயி நிறுவனத்தை 2018ல் சுவீடனின் தூலே வாங்கியது. நிலத்தட்டுப்பாடுதான் காரணம் என்றால் இதை எப்படி விளக்குவது? முழுமையாக விளக்க முடியாது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. பொருள் ஊர் மாறியபோது வேலையும் மாறிவிட்டது. இத்தாலியத் தொழிலாளிக்குக் குறைந்த செலவில் படுக்கையாக இருந்தது அமெரிக்காவில் ஆயிரம் டாலரிலிருந்து பல ஆயிரம் டாலர் வரை விலை போகும் உபகரணம் ஆனது. தரைக் கூடாரம் அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். மேலே ஐம்பது முதல் தொண்ணூறு கிலோ ஏறும்போது பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். ஓடும்போது பல கார்களின் கூரை எழுபத்தைந்து கிலோ அளவே தாங்க அனுமதி பெற்றது. நின்றபிறகு இரண்டு பேர் ஏறிப் படுத்தால் ஒன்றும் ஆகாது, திருப்பத்திலும் பிரேக்கிலும் வரும் இழுப்புத்தான் அந்த வரம்பைத் தீர்மானிக்கிறது. இவ்வளவு தொல்லையும் ஏற்று வாங்குகிறார்கள் என்றால், அதில் பாதி வாரக்கடைசி அவசரம், பாதி தோற்றம் என்று நினைக்கிறேன். காலியாக ஓடும் நாளிலும் கூரைமேல் அது ஒரு செய்தி சொல்லிக்கொண்டே போகிறது.

ஆனால் அந்த நாட்டிலும் நகர எல்லைக்குள் வந்தால் பழைய கேள்வி அப்படியே காத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் வண்டியை வசிப்பிடமாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்து வைத்திருந்த சட்டத்தை 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. வீடற்றவர் யார், சாமான் ஏற்றிக்கொண்டு ஊர் வழியே போகும் சுற்றுலாக்காரர் யார் என்று அந்த வாசகத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஓரிகனின் க்ரான்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரத்தின் விதி இன்னும் விரிவாக இருந்தது. தற்காலிகமாக வாழும் நோக்கில் படுக்கை விரித்த எந்த இடமும் அதற்கு முகாம்தான். கூடாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது வண்டியோ வண்டியின் ஒரு பகுதியோ ஆனாலும். அபராதம் அப்போது 295 டாலர். இந்த விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 28ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வீடற்றவரானாலும், விடுமுறையில் முதுகுப்பையோடு ஊரைக் கடப்பவரானாலும் சட்டத்தின் முன் ஒன்றுதான் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம். வாழும் நோக்கம் என்ற நிபந்தனையே போக வீடு இருப்பவரை வெளியே விட்டுவிடுகிறது, அபராதம் வீடற்றவர்மேல் மட்டுமே விழும் என்பது மறுப்புத் தீர்ப்பின் பதில். 1920களில் நகராட்சி முகாம் வாசலில் கட்டணச் சீட்டு செய்த வேலையை இப்போது அந்த ஒரு சொற்றொடர் செய்கிறது. பழைய காரின் பின்னிருக்கையில் போர்வையோடு கிடப்பவரும் மூவாயிரம் டாலர் கூடாரத்தை விரித்துப் படுத்திருப்பவரும் அதே தெருவில் நின்றால், இருவரில் யாருடைய கண்ணாடியைக் காவலர் முதலில் தட்டுவார் என்பதைத் தீர்ப்பின் இரு பக்கமும் வெவ்வேறு விதமாகத்தான் கணிக்கின்றன. கூரைமேல் படுத்திருப்பவருக்குத் தட்டுவதற்குக் கண்ணாடியே இல்லை என்பது வேறு விஷயம்.